ஏலா, மேசை?

1

இந்தக் கதை ஒரு போன் காலில் தொடங்கியது. உள்ளொளி, உந்துதல் என்றெல்லாம் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2001 மார்ச், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. டெக்சாஸில், பிளானோவில் என் அபார்ட்மென்ட் அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. மேற்குக் கரையிலுள்ள பிளசன்டனிலிருந்து ஜெயகுமாரி கூப்பிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்பு வரை அடுத்த வீட்டில் இருந்தவள்.

"தாஹிர் காக்கா, நீங்க கதை எழுதுவியள்லா? எனக்கு ஒண்ணு எழுதித் தாங்க."

(காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்போம். தூத்துக்குடிக்காரியான ஜெயகுமாரிக்கு இது தெரியும். கூடவே அந்தப் பறக்கிற காக்காவையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் கூப்பிடுகிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.)

"என்ன கதை வேணும்?"

"அந்த மிராந்தா கதைதான். நான் அன்னைக்குத் தியேட்டர்ல கத்துனேன்லா, அது சரியா தப்பானு மூணரை வருசமா மண்டையக் குடையுது. அந்த மனுசனக் காப்பாத்துனேனா, கவுத்துட்டேனா? நீங்க எழுதிப் பாருங்க. எழுதுனா தெரிஞ்சிரும்லா."

எழுதினால் தெரிந்துவிடுமாம்! பதினைந்து வருடமாக எழுதுகிறேன். எழுதி எதுவும் தெரிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும் என்னை நம்பி ஒருத்தி கேட்டுவிட்டாள், எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "கயெத்தானோ மிராந்தா 1931ஆம் ஆண்டு மெக்சிகோவின் வளைகுடாக் கரையில் ஒரு துறைமுக ஊரில் பிறந்தார். அவருடைய தந்தை

வேண்டாம். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. அடுத்து வருவது 'இளமையிலேயே கலை ஆர்வம்' என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாம் தொடக்கம்: "ஒரு நாட்டையே சிரிக்க வைத்த மனிதனின் கண்களில் கண்ணீர்

இதற்கு என் கையை நானே ஒடித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் தொடக்கம்: "மூன்றாம் மாடிக்கு ஒரு மேசை போய்ச் சேர வேண்டும்."

ஆ! இது. இதுதான். இந்த ஒரு வரியில் அந்த மனிதருடைய மொத்த வாழ்க்கையும் இருக்கிறது. பதினான்கு வருடம் மெக்சிகோ தொலைக்காட்சியில் அவர் செய்தது இவ்வளவுதான். அவர் ஒரு சுமைகாரர். மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஒரு அம்மாள் மேசை வாங்கியிருக்கிறாள். வாரா வாரம் அவர் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு படியேறுவார். வழியில் நாய் வரும், பாதிரியார் வருவார், கல்யாண ஊர்வலம் வரும். எல்லாவற்றையும் சமாளித்து, வேர்த்து விறுவிறுத்து, மூன்றாம் மாடிக் கதவைத் தட்டுவார். அம்மாள் திறப்பாள். இவர் தொப்பியைக் கழற்றி வணங்கி, கையெழுத்துப் போடக் காகிதத்தையும் நீட்டிவிட்டு, பெருமையோடு பின்னால் கையைக் காட்டுவார். பின்னால் மேசை இருக்காது. எந்தப் படியிலோ இறக்கி வைத்துவிட்டு மறந்திருப்பார். அப்போது, தொலைத்தவள் அவள்தான் என்பது போல முகத்தை வைத்துக்கொண்டு, அந்த அம்மாளிடமே கேட்பார்:

"ஈ லா மேசா?"

அப்போ, மேசை? அவ்வளவுதான் அர்த்தம். இதற்குத்தான் ஒரு நாடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

3

1995-இல் ஆட்ரியனுக்கு பிளானோவின் லெகஸி பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. மனைவி ஜெயகுமாரி கூட வந்தாள், வேலை பார்க்க முடியாத விசாவில். அவளுக்கு டிரைவிங் தெரியாது. பிளானோவில் டிரைவிங் தெரியாதவர் வீட்டுக்குள் இருக்க வேண்டியதுதான். கேபிள் இப்போதைக்கு வேண்டாம் என்று ஆட்ரியன் சொல்லிவிட்டான். முயல்காது ஆன்டெனாவில் புள்ளிப்பனி கொட்டாமல் தெரிந்தது ஒரே ஒரு ஸ்பானிஷ் சேனல்.

ஒரு மாலை படிக்கட்டில் என்னை மறித்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"காக்கா! டிவியில எங்க ஊரு ஆளு ஒருத்தரு வாராரு!"

"எந்த ஊரு?"

"தூத்துக்குடிதான். பேரு கயித்தான் மிராந்தா. எங்க அப்பா வீட்டுப் பேரும் மிராந்தாதான. எங்க சின்னப்பாவுக்குப் பேரு கயித்தான். மூக்கப் பாத்தாலே தெரியுது."

"அது மெக்சிகோ சேனல்மா. அவர் மெக்சிகோக்காரர்."

"இருக்கட்டும். கப்பல்ல போயிருப்பாவ."

"தமிழா பேசுறாரு?"

"பின்ன? சாமி சத்தியமா தமிழ்தான். கதவத் தொறந்த பொம்பளையப் பாத்து 'ஏலா, மேச?'ங்காரு. என் ரெண்டு காதால கேட்டேன்."

எங்கள் பக்கத்தில் பழகிய பெண்ணை 'ஏலா' என்று கூப்பிடுவோம். 'ஈ லா மேசா' அவள் காதில் 'ஏலா, மேச' என்று விழுந்திருக்கிறது. சிரித்துவிட்டு அன்று மாலை ஆறு மணிக்கு, அந்தப் பழைய நிகழ்ச்சியின் மறுஒளிபரப்பைப் பார்க்க அவர்கள் வீட்டில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை! அந்த மனிதர் சப்பாத்தைக் கழற்றினால் 'சப்பாத்தோ' என்கிறார். மேசை 'மேசா'. கோப்பை 'கோப்பா'. குசினி, அதாவது அடுக்களை, 'கொசினா'. எல்லாம் நானூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் போர்த்துகீசியர் தூத்துக்குடிக் கரையில் இறக்கிப் போட்டுவிட்டுப் போன சாமான்கள்*. அவற்றின் பங்காளிகள் இங்கே, டெக்சாஸ் வரவேற்பறையில், ஒரு மெக்சிகோக்காரர் வாயிலிருந்து உருண்டு வந்தன. பத்துச் சொற்களும் அந்த முகமும் போதுமாக இருந்தன. மிச்சக் கதையை ஜெயகுமாரி சொல்லுவாள். பெரும்பாலும் தப்பாக. அந்த அம்மாளைச் சுமைகாரரின் கொழுந்தியாள் என்று அவள் இரண்டு வருடம் நம்பினாள்.

* இதை வைத்து ஒரு கட்டுரை எழுதலாம் என்று கை துறுதுறுக்கிறது. எழுத மாட்டேன். கதை காத்திருக்கிறது.

4

இனி வருவதில் பாதி நான் கட்டியது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நான் மெக்சிகோ போனதில்லை, அவரிடம் பேசியதில்லை. மற்ற பாதி ஜெயகுமாரி கட்டியது.

கயெத்தானோவுக்குப் பத்தொன்பது வயது. நிஜமாகவே சுமைகாரர். ஊருக்கு வந்திருந்த கூடார நாடகக் கம்பெனிக்கு ஒரு மேசை கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். பின்வாசல் என்று நினைத்து ஒரு துணியை விலக்கிக்கொண்டு நுழைந்தார். எதிரே முந்நூறு பேர். மேடை நடுவில் கதாநாயகி விஷம் குடித்துச் செத்துக்கொண்டிருந்தாள். கயெத்தானோ பயப்படவில்லை. மேசையின் கனத்தில் கழுத்து நடுங்க, சாகிறவளிடம் மரியாதையாகக் கேட்டார்:

"இத எங்கம்மா வைக்கணும்?"

கூடாரம் கிழிந்துவிடும் போலச் சிரிப்பு. செத்துக்கொண்டிருந்தவளும் சிரித்துவிட்டாள். முதலாளி அவர் கன்னத்தில் ஒன்று வைத்தார், மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார். சிரித்தபடி செத்தவள் பெயர் ஓதிலியா. அவளைத்தான் கயெத்தானோ கட்டிக்கொண்டார். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் மூன்றாம் மாடிக் கதவைத் திறந்தவளும் அவள்தான்.

கூடாரத்தில் இருபத்துமூன்று வருடம். எங்கள் இருவருக்கும் இந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். ஊர் ஊராகப் போகிறார்கள், மழையில் கூடாரம் ஒழுகுகிறது, குடை பிடித்துக்கொண்டு ஜனங்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் கண்டுபிடித்த பெரிய ரகசியம் அங்கேதான்: கேள்விக்கு முன்னால் நிறுத்துவது. திரும்பிப் பார்க்கிறார், மேசை இல்லை. உடனே கேட்டால் பாதிச் சிரிப்பு. மூன்று எண்ணிவிட்டுக் கேட்டால் முழுச் சிரிப்பு. ஐந்து எண்ணினால் ஜனங்கள் கேள்வி வருவதற்கு முன்பே சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்து வரை எண்ணும் தைரியம் வர அவருக்குப் பதினாறு வருடம் ஆனது.

1974-இல் தொலைக்காட்சி. பிறகு கேட்கவே வேண்டாம். பேருந்தில் மறந்துபோன குடைக்கும், கல்யாணத்துக்கு வராத மாப்பிள்ளைக்கும், தேர்தல் முடிந்ததும் காணாமல் போன மந்திரிக்கும் ஜனங்கள் 'ஈ லா மேசா?' என்றார்கள். தேங்காய் துருவுகிற மாதிரியான அந்தக் கரகரப்புக் குரலில் சொன்னார்கள்.

5

1996-இல் தொண்டையில் ஆபரேஷன். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது.

[இந்த இடத்தில் ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்று மூன்று பக்கம் எழுதினேன். ஜெயகுமாரிக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். "எதுக்கு அந்த மனுசன அழ வைக்கிய? அவரு அழுத மாதிரியா இருக்காரு?" என்றாள். எடுத்துவிட்டேன்.]

ஒரு வருடம் கழித்து, டெக்சாஸில் பதினோரு ஊர்களில் மேடைச் சுற்றுப்பயணம் போட்டிருந்தார்கள். குரல் இருந்தபோது ஒப்புக்கொண்டது. ஏற்பாட்டாளர் ஒரு வழி சொன்னார்: பழைய நிகழ்ச்சியிலிருந்து அந்தக் கேள்வியை டேப்பில் எடுத்து வைத்திருக்கிறோம், நீங்கள் வாயை மட்டும் அசையுங்கள். கயெத்தானோ எப்போதும் வைத்திருக்கும் சின்ன நோட்டில் எழுதிக் காட்டினார்: "செத்தவன் வாயில் பாட்டை வைக்கச் சொல்கிறீர்களா?"

அவருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். சிரிக்காமல் போனால் தாங்கிக்கொள்வார். கூடாரத்தில் தக்காளி அடியே வாங்கியவர்! பார்க்க வந்தவர்கள் 'ஐயோ பாவம்' என்றுவிட்டால்? பாவப்பட்டவனைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. சிரிக்க முடியாவிட்டால் அவர் கோமாளி இல்லை, அறுபத்தாறு வயது நோயாளி.

(ஓதிலியா எந்தத் தமிழ் பேசுவாள் என்று ஒரு வாரம் தவித்தேன். பத்திரிகைத் தமிழ் அவள் வாயில் ஒட்டவில்லை. கடைசியில் தூத்துக்குடித் தமிழையே கொடுத்துவிட்டேன். சரியாகப் பொருந்திவிட்டது!)

ஓதிலியா சொன்னாள்: "உம்ம குரலுக்கா நான் இத்தன வருசம் கதவத் தொறந்தேன்? உம்ம மூஞ்சிக்குல்லா தொறந்தேன். சும்மா வந்து நில்லும். சிரிக்காட்டா பெறகு பாப்போம்."

ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதல் ஊரில் டேப் இல்லாமல் முயற்சி. முடியாது என்று தோன்றினால், கேள்விக்காக வாயைத் திறந்த பிறகு கயெத்தானோ தொப்பியைத் தொடுவார். தொட்டால் டேப் ஓடும். பிறகு பதினோரு ஊரிலும் டேப்தான்.

முதல் ஊர் டல்லாஸ்.

6

1997 அக்டோபர், ஞாயிறு மதியம், டல்லாஸின் தென்பக்கத்தில் ஒரு பழைய தியேட்டர். சுவரொட்டியை ஜெயகுமாரி மெக்சிகோக்காரர் ரொட்டிக் கடையில் பார்த்தாள். படம் தெரிந்தது, தேதி தெரிந்தது. ஆபரேஷன் சமாச்சாரம் கீழே எழுத்தில் இருந்திருக்கும். அது அவளுக்கு எப்படித் தெரியும்? ஆட்ரியன் முனகிக்கொண்டே டிரைவ் பண்ணினான். "சொந்தக்காரரப் பாக்கப் போறோம், சிரிச்ச முகமா வாங்களேன்" என்றாளாம்.

எண்ணூறு பேர். குடும்பம் குடும்பமாக. மூன்றாவது வரிசையில் இவர்கள் இருவர். இவர்களைத் தவிர அரங்கில் எல்லாருக்கும் குரல் போன விஷயம் தெரியும்.

கயெத்தானோ மேசையோடு வந்தார். கைதட்டல் பெரிதாக இருந்தது. பெரிதாக மட்டும் இல்லை, நீளமாகவும் இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு நேரம் தட்டுவது வழியனுப்புகிறவர்கள்தான் என்று நினைத்தார். படியேறினார். நாய் வந்தது, பாதிரியார் வந்தார். சிரித்தார்கள், ஆனால் தாழ்ந்த குரலில், நோயாளி வீட்டில் சிரிப்பது போல. ஒரே ஒரு இடத்திலிருந்து மட்டும் எந்தக் கூச்சமும் இல்லாத ஒரு பெண் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. யாரென்று பார்க்க அவருக்கு நேரமில்லை, தலையில் மேசை இருந்தது.

ஜெயகுமாரிக்கு எதுவுமே மாறவில்லை. அவர் பேசினபோதும் அவளுக்குப் புரிந்ததில்லை, இப்போது பேசாததும் தெரியவில்லை!

மேசையை இரண்டாம் மாடியில் மறந்தார். மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினார். ஓதிலியா திறந்தாள். தொப்பியைக் கழற்றி வணங்கினார், மறுபடி போட்டுக்கொண்டார். பின்னால் கையைக் காட்டினார். திரும்பினார். மேசை இல்லை. ஓதிலியா பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

ஒன்று.

அரங்கம் மூச்சைப் பிடித்தது.

இரண்டு. முன்வரிசையில் ஒரு அம்மாள் கைக்குட்டையை எடுத்தாள். கயெத்தானோ அதைப் பார்த்தார்.

மூன்று. ஓதிலியா கண்ணால் சொன்னாள்: நில்லும்.

நான்கு. அவருடைய வலது கை தொப்பியை நோக்கி

"ஏலா, மேச?"

மூன்றாவது வரிசையிலிருந்து! சுத்தமான தூத்துக்குடித் தமிழில், தொண்டை கிழிய! அந்த மனிதர் வசனத்தை மறந்துவிட்டார் என்றுதான் ஜெயகுமாரி நினைத்தாள். மாதா கோயில் திருவிழா நாடகத்தில் யாராவது வசனம் மறந்தால் கீழே இருந்து எடுத்துக் கொடுப்பது அவர்கள் ஊர் வழக்கம். சொந்தக்காரர் முழித்துக்கொண்டு நிற்கிறார், அவள் எடுத்துக் கொடுத்தாள். ஸ்பானிஷ் பேசும் எண்ணூறு பேர் காதிலும் அது ஸ்பானிஷாகவே விழுந்தது.

7

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். தப்பு என்னுடையது இல்லை. கேளுங்கள்.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று போனில் கேட்டேன்.

"எல்லாரும் சிரிச்சாவ காக்கா. கூரை இடிஞ்சு விழுத மாதிரி."

"அவரு?"

"தெரியலயே! கத்துன பெறவுதான் வெக்கம் வந்துச்சு. மடியில தலையக் கவுத்துக்கிட்டேன்."

"ஆட்ரியன் பாத்திருப்பான்ல?"

"அவரு எக்சிட் எங்க இருக்குன்னு பாத்துட்டு இருந்தாவ. என்னைய இழுத்துக்கிட்டு வெளிய வந்துட்டாவ. ஆபரேஷன் விசயமே மறுவாரம் ரொட்டிக் கடைக்காரம்மா தொண்டையத் தொட்டுக் காட்டித்தான் தெரியும். அன்னைக்குப் போச்சு என் தூக்கம்."

சிரித்தார்கள். சரி. யாரைப் பார்த்து? எனக்கும் உங்களுக்கும் வேண்டியது அதுதான். எழுதிப் பார்த்த முடிவுகள் இவை:

அ. தொப்பிக்குப் போன கை நின்றது. இருபது நிமிடமாக அடக்கி வைத்த சிரிப்பு வெடித்தது. டேப் ஓடவே இல்லை. (சினிமா முடிவு. எனக்கு ஆசையான முடிவு. ஆசையாக இருப்பதாலேயே நம்பிக்கை வரவில்லை.)

ஆ. கை தொப்பிக்குப் போகவே இல்லை. அது நான் சேர்த்த பொய். அவர் ஐந்து வரை எண்ணத்தான் நின்றார். ஐந்தில் சத்தமே இல்லாமல் அரங்கம் வெடித்திருக்கும், குரல் தேவையே இல்லை என்று அன்றோடு தெரிந்திருக்கும். நான்கில் ஜெயகுமாரி உடைத்துவிட்டாள். ஜனங்கள் சிரித்தது அவளைப் பார்த்து.

இ. அவர் உடைந்துபோய்

இல்லை. இ கிடையாது.

ஆ-வைப் போனில் வாசித்துக் காட்டினேன்.

"அப்ப நான் ஒரு செகண்டு பொறுத்திருக்கணும்" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது. கதை நன்றாக வர வேண்டும் என்று ஒரு பெண்ணை நான் குற்றவாளி ஆக்கியிருக்கிறேன். எழுதினால் தெரிந்துவிடும் என்றாளே, இதுதான் தெரிந்தது.

கதையை மூடி வைத்தேன். மூன்று வாரம் தொடவில்லை.

8

இன்று சனிக்கிழமை. முடிவெட்டக் காத்திருந்த இடத்தில் மேலட்டை கிழிந்த ஸ்பானிஷ் பத்திரிகை ஒன்று கிடந்தது. புரட்டினேன். துள்ளி எழுந்துவிட்டேன்! நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது, பார்பர் கத்தரியோடு திரும்பிப் பார்த்தார்.

கயெத்தானோ மிராந்தா! முழுப் பக்கப் படம். மேடை, மூன்றாம் மாடிக் கதவு, கதவில் ஓதிலியா. படத்துக்குக் கீழே 'எல் பாசோ, 1999' என்று இருந்தது. அதற்கு ஸ்பானிஷ் தெரிய வேண்டியதில்லை. டல்லாஸுக்கு இரண்டு வருடம் கழித்து! அவர் ஓதிலியாவைப் பார்க்கவில்லை. ஜனங்கள் பக்கம் திரும்பி, இடது கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, 'எங்கே, சொல்லுங்கள்' என்பது போல நிற்கிறார். முன்வரிசையில் எல்லார் வாயும் ஒரே மாதிரி திறந்திருக்கிறது. சிரிக்கும்போது ஆளுக்கொரு விதமாகத்தான் வாய் திறக்கும். இவர்கள் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள்.

அந்தச் சொல் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

வெட்டாத தலையோடு பார்பரிடம் பக்கத்தை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். போனில் கத்தினேன்.

"ஜெயா! நீ எடுத்துக் கொடுத்தத அவரு எடுத்துக்கிட்டாரு! ஆட்டமாவே ஆக்கிட்டாரு! ஊர் ஊரா ஜனங்க எடுத்துக் கொடுக்கிறாங்க!"

அவள் அழுதாள். சிரித்தாள். ஆட்ரியனைக் கூப்பிட்டுச் சொன்னாள். மகள் ரெனிஷா பின்னால் "வாட் ஹேப்பன்ட், மம்மி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஜெயகுமாரி படத்தை மூன்று தடவை விவரிக்கச் சொன்னாள். காதில் வைத்தது எந்தக் கை, ஓதிலியா என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாள், எல்லாம் கேட்டாள். அப்புறம் கேட்டாள்:

"பக்கத்துக்கு மேல என்ன காக்கா எழுதியிருக்கு?"

இரண்டே சொல். பெரிய எழுத்தில். 'மிராந்தா தெஸ்கான்சா.' சின்ன ஸ்பானிஷ் அகராதி ஒன்றை இந்தக் கதைக்காகவே வாங்கி வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு ஒன்று, இரண்டு என்று எண் போட்டு இரண்டு பொருள் கொடுத்திருந்தது. முதல் பொருளை மட்டும் சொன்னேன்.

"இளைப்பாறுறாராம்."

அவர்கள் கோயிலில் இந்தச் சொல்லை இறந்தவர்களுக்கான ஜெபத்திலும் சொல்வார்கள் என்று எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது.

"எந்த இளைப்பாறுதல் காக்கா?" என்றாள். "ரிட்டயர் ஆகி வீட்டுல இருக்காவளா? இல்ல, அங்கயா?"

படத்துக்குக் கீழே பதினாறு வரிச் செய்தி இருக்கிறது. அகராதியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். நான் உட்காரவில்லை, உட்காரவும் மாட்டேன். எழுதியவன் சொல்வதை அவள் நம்ப மாட்டாள், ஆ-வை வாசித்தேனே, அதற்குப் பிறகு நிச்சயமாக நம்ப மாட்டாள். இவ்வளவு தூரம் கூட வந்தவர் நீங்கள். அவரை உங்களுக்கும் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன். ரிசீவரை உங்களிடம் நீட்டுகிறேன்.

அவளுக்குப் பதில்: "(                              )"

சீக்கிரம் சொல்லுங்கள். லைனில்தான் இருக்கிறாள்.